மீட்டு

மடங்கல் 3, காரிக்கிழமை (ஊரார் வழக்கில் ஆவணி 3, சனி)

என் துணைவி தாமரை மறைந்து, வரும் முப்பத்தொன்றாம் நாள் ஓராண்டு நிறைகிறது. தமிழ் மன்றத்தார் உறையூர் அரங்கில் நினைவேந்தல் வைக்கிறார்கள். ஒரு மணி நேரம் நான் பேச வேண்டும். நாற்பதாண்டு மேடை கண்டவன் நான். கல்லடிக்கு நடுவிலும் நின்று பேசியவன். ஒரு மணி நேரம் எனக்கு ஒரு வாய் நீர்.

பேச்சுக்குக் குறிப்பெடுக்கவே அவள் அறையைத் திறந்தேன். ஒட்டடை அடித்தேன். இசைப்பலகையின் மேலிருந்த துணியை உதறினேன். மின்னிணைப்புக் கொடுத்துத் துடைக்கையில் 'தொடங்கு' என்னும் விசை அழுந்திவிட்டது.

அவள் இசைத்தாள்.

கட்டைகள் அசையவில்லை. ஒலி மட்டும் வந்தது. வெள்ளைக் கட்டைகளும் கறுப்புக் கட்டைகளும் துடைத்த பளபளப்போடு அப்படியே கிடக்க, அவற்றின் அடியிலிருந்து அவள் விரல்கள் நடந்தன. அவள் கடைசியாகப் பதிந்து வைத்த பண். இதை நான் முன்பு கேட்டதில்லை. கேட்டிருக்கவும் கூடும். மாலை வேளைகளில் நான் கூடத்தில் உரை எழுதிக்கொண்டிருப்பேன். உள்ளே ஏதோ ஒலித்துக்கொண்டிருக்கும்.

நடுவில் நின்றது. முடிந்ததென்று எண்ணி அணைக்கக் கை நீட்டினேன். மீண்டும் தொடங்கியது. என் கையைக் கண்டுதான் தொடங்கியதோ என்று ஒரு கணம் தோன்றியது. பகலில், மின்விளக்கு எரிகையில், பகுத்தறிவு பேசுகிற ஒருவனுக்கு அப்படித் தோன்றியது.

இதைப் பதிந்தெடுத்து அரங்கில் ஒலிக்கச் செய்வேன். அதன் பிறகே பேசுவேன்.

மடங்கல் 5, திங்கள்

இசைக்கருவி விற்கும் கடை. நடத்துபவர் இரெசினா என்னும் அம்மையார். நாற்பது அகவை இருக்கும். தேவாலயத்தில் பாடற்குழுவுக்கு இசைப்பவராம். பிறர் பேச்சை அவர்கள் வாயில் வந்தபடியே எழுதுவது நாட்குறிப்பின் அறம். ஆகவே எழுதுகிறேன்.

"அம்மா, ஒலி இடைமுகம் ஒன்று வேண்டும்."

"எடமுகமா, வலமுகமா ஐயா?"

கடையில் நின்ற இருவர் சிரித்தனர். விளக்கினேன். இசைப்பலகைக்கும் கணினிக்கும் இடையே நின்று, ஒலியை வாங்கிக் கொடுக்கும் பெட்டி.

"ஓ, ஆடியோ இன்டர்ஃபேஸ்! அப்டிச் சொல்லுங்க. எதுக்குங்கய்யா?"

சொன்னேன். சிரிப்பு நின்றது.

"செல்போன வச்சு எடுத்துராதீங்க, ஃபேன் சத்தம்லாம் சேந்து வரும். வெல கம்மியானதே போதும், எத்தன இன்புட்டு வேணும்?"

"இரண்டு. ஒன்று அவள் இசைக்கு. மற்றொன்று என் குரலுக்கு. பதிவின் தொடக்கத்தில் முன்னுரை சொல்ல வேண்டும்."

"முன்னுர…" என்று இழுத்தவர் ஏனோ முடிக்கவில்லை. பிறகு, "ஒண்ணு கவனமா கேளுங்க. அந்தக் கீபோர்டு மெமரில ஒரே ஒரு பாட்டுதான் நிக்கும். தெரியாம எதையாச்சும் அமுக்கிட்டீங்கன்னா போச்சு. காப்பி கிடையாது" என்றார்.

எனக்கு விசைகளெல்லாம் தெரியும் என்றேன். உண்மைதான். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கருவி வீட்டுக்குள் வந்தபோது, ஆங்கில எழுத்துகளை மறைத்து ஒவ்வொரு விசையின் மேலும் தமிழ்ச் சீட்டு ஒட்டியவனே நான். தொடங்கு, நிறுத்து, பதி, தாளம், மீட்டு. கையெழுத்து முத்து முத்தாக இன்னும் அழியாமல் இருக்கிறது.

மடங்கல் 7, அறிவன்கிழமை (புதன்)

மாலை ஐந்து. ஒலித்தது. நான்தான் விசையை அழுத்தினேன். இதை எழுதி வைப்பது நல்லது.

மடங்கல் 10, காரிக்கிழமை

கொழுந்தி வசந்தா இலால்குடியிலிருந்து வந்தாள். அவளுக்கும் முன்பு 'வேனில்' என்று பெயர் சூட்டப் பார்த்தேன். "மளிகக்கடக்காரர் பில்லுல எழுதமாட்டாரு அத்தான்" என்று நழுவிவிட்டாள். தமக்கையையும் இன்றளவும் 'சரோக்கா' என்றே சொல்கிறாள். திருமண மேடையிலேயே, ஈராயிரம் பேர் கைதட்ட, 'இன்றுமுதல் இவள் தாமரை' என்று நான் முழங்கியதை அவள் முன்வரிசையில் அமர்ந்து கேட்டவள்.

இசைப்பலகை செய்தியைச் சொன்னேன். அறைவாயில் வரை வந்தாள், உள்ளே வரவில்லை.

"போடாதீங்க அத்தான். என்னால கேக்க முடியாது."

"அரங்கில் கேட்கத்தானே போகிறாய்?"

"அங்க நாலு பேரு இருப்பாங்க." பிறகு கைப்பையைத் துழாவினாள். "அந்தப் பொட்டி வாங்கப்போறீங்களா? சரோக்கா ரெண்டு வருசமா கேட்டுச்சே ஒங்ககிட்ட."

மாநாடு முடியட்டும் என்று சொன்னதாக நினைவு. மாநாடு முடிந்தவுடன் மற்றொரு மாநாடு வந்தது. இதை அவளிடம் விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டே ஒரு தாளை எடுத்து நீட்டினாள். தாமரையின் கையெழுத்து. எந்தப் பெட்டி வாங்கலாம் என்று தங்கைக்கு எழுதியது:

"விலை கம்மியா இருந்தா போதும். ரெண்டு இன்புட் இருக்கணும். ஒண்ணு கீபோர்டுக்கு. இன்னொண்ணு அவருக்கு மைக். நான் வாசிச்சு முடிக்கிற வரைக்கும் அவர் பேசாம இருந்தா!"

கடைசி வரிக்குப் பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம் வரைந்திருந்தாள்.

இரண்டு. நானும் கடையில் அதையே கேட்டேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வசந்தா காப்பி குடிக்காமல் போய்விட்டாள்.

மடங்கல் 12, திங்கள்

இசைப்பலகையை மூவுருளித் தானியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். இரண்டு பெட்டிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றார் இரெசினா.

முதற்பெட்டி மிக மலிவு. அதை இணைத்து, ஒரு கட்டையை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். ஒலி சற்றுக் காலம் தாழ்த்தி வந்தது. தொட்ட விரல் ஒன்று, ஒலித்த விரல் வேறு என்பதுபோல்.

"இதுக்குப் பேரு லேட்டன்சி. இப்ப அமுக்குனது அப்பறமா கேக்கும். இது வேணாம் ஐயா. இன்னொண்ணு கொஞ்சம்தான் கூட, ஆனா சுத்தமா இருக்கும்."

அதையே எடுத்துக்கொண்டேன். உள்ளங்கை இரண்டை விரித்து வைத்த அளவு. முன்முகத்தில் இரண்டு துளை, இரண்டு திருகு. இணைக்கும் முறையை அவர் சொல்லிக்கொண்டே போனார். அப்போது நான் 'லேட்டன்சி'க்கு நல்ல சொல் தேடிக்கொண்டிருந்தேன். பின்னொலி? பிந்தொலி? தாழ்வொலி? மூன்றும் நிறைவாக இல்லை.

பிறகு தாமரையின் பண்ணை ஒலிக்கச் செய்தேன். இரெசினா கண்ணை மூடிக்கொண்டார். நடுவே அந்த அமைதி வந்தது. அம்மையார்க்கு அதன் நுட்பம் விளங்க வேண்டுமே என்று சொல்லத் தொடங்கினேன்: ஒலியின் நெஞ்சில் அமைதியை வைத்தவள், சொல்லாமல் சொல்லும் தமிழ்மரபின் கொழுந்து, இந்த நாற்பத்துச் சொச்ச நொடிகளில் ஓர் இனத்தின் மூச்சு அடங்கி எழுகிறது. கடையில் இருந்தவர்கள் கூடிவிட்டனர். இரெசினா ஒரு முறை கையை உயர்த்தினார். பாராட்டு என்று கொண்டேன். நான் முடித்தபோது பண்ணும் முடிந்திருந்தது.

மடங்கல் 15, வியாழன்

எரிவளி உருளை வந்தது. பசலைக்கீரை வாங்கினேன், கடைந்தேன், தீய்ந்தது.

உரையின் ஆறு முதல் ஒன்பது வரையுள்ள பக்கங்கள் அந்த அமைதியைப் பற்றியவை. 'அவள் வைத்த இடைவெளி' என்று தலைப்பு. நான் எழுதியவற்றில் சிறந்த பகுதி. மணிப்பொறி வைத்து அளந்தேன். நாற்பத்து மூன்று நொடி.

மடங்கல் 18, ஞாயிறு

மாலை ஐந்து மணிக்கு இசைப்பலகையைத் தொடங்கிவிட்டு, கூடத்துச் சாய்வு நாற்காலியில் வந்து அமர்ந்தேன். அரங்கில் பின்வரிசையில் இருப்பவனுக்கு எப்படிக் கேட்கும் என்று அறியவே அங்கே அமர்ந்தது. உரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். நா வறண்டது.

"தாமரை, தண்ணீர்."

சொல்லிவிட்டேன். முப்பத்தோராண்டுப் பழக்கம்; எழுத்திலிருந்து தலையைத் தூக்காமலே வாய் சொல்லிவிட்டது.

உள்ளே இசை நின்றது.

மடங்கல் 19, திங்கள்

காலையில் அளந்து பார்த்தேன். அவள் இருக்கையில் அமர்ந்து எழுந்தேன். அறையிலிருந்து அடுக்களை. பானையைத் திறந்து மொண்டு ஊற்றிக் கூடத்துக்கு. நாற்காலிக் கைப்பிடியில் குவளையை வைத்தேன். மீண்டும் அறை. இருக்கை.

முதல் முறை முப்பத்தெட்டு. அவளுக்கு முழங்கால் வலி இருந்தது. அதை நினைவில் வைத்து மறுபடி நடந்தேன்.

நாற்பத்து மூன்று.

உரையின் ஆறு முதல் ஒன்பது வரையுள்ள பக்கங்களைக் கிழித்துவிட்டேன். உரை நீண்டுவிட்டது என்பதால்.

மடங்கல் 22, வியாழன்

பிற்பகல் மூன்று மணி. நல்ல வெளிச்சம். மின்விசிறியை நிறுத்தினேன். பலகணிகளை அடைத்தேன். தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவர் கடந்து போகும்வரை காத்திருந்தேன். இசைப்பலகையின் பின்புறத் துளையிலிருந்து கம்பி பெட்டியின் முதல் துளைக்கு. ஒலிவாங்கி இரண்டாம் துளைக்கு. கணினித் திரையில் சிவப்புப் புள்ளியை அழுத்தினேன்.

முன்னுரை சொன்னேன். சுருக்கமாக, ஐந்து மணித்துளி.

'தொடங்கு' விசையை அழுத்தினேன். ஒலி இல்லை. மறுபடி அழுத்தினேன். இல்லை. செவியைப் பலகையின்மேல் வைத்தேன். கட்டைகளின் அடியில் ஒன்றும் நடக்கவில்லை. பத்தொன்பது நாளாக என்னை விடாமல் தொடர்ந்தவள் இன்றைக்குப் பார்த்து வாய் திறக்க மறுத்தாள். "ஏன்?" என்று கேட்டேன். உரக்கவே கேட்டேன்.

அப்போது என் கையெழுத்து கண்ணில் பட்டது. வலப்பக்க ஓரத்தில், தனியாக, சின்னஞ்சிறு விசை. மீட்டு.

யாழை மீட்டு. நரம்பை மீட்டு. இழந்ததை மீட்டு. இத்தனை பொருளையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழி வேறெது? அழுத்தினேன். அசைவில்லை. அழுத்தியபடியே ஐந்தாறு நொடி வைத்திருந்தேன்.

பலகையின் சிறுதிரை அணைந்து எரிந்தது.

கம்பியைப் பிடுங்கிவிட்டு மறுபடி 'தொடங்கு' அழுத்தினேன். இப்போது ஒலி வந்தது. கருவி செய்தவன் கடைக்காட்சிக்காக உள்ளே வைத்த ஏதோ ஓர் அயல்நாட்டுத் துள்ளாட்டம். முரசும் கொம்புமாக வீடு முழுதும் துள்ளியது. 'நிறுத்து' விசையைத் தேடப் பொறுமையின்றி மின்கம்பியை இழுத்தேன்.

மடங்கல் 23, வெள்ளி

சீட்டை உரித்துப் பார்த்தேன். அடியில் RESET.

அதற்கு அன்று நான் ஆக்கிய சொல் 'மீட்டமை'. பழைய நிலைக்கே திருப்பி அமைத்தல். விசை சிறியது, சீட்டில் இடம் போதவில்லை. கத்தரிக்கோலை எடுத்து 'அமை'யை வெட்டியவன் நான். மிச்சத்துக்கு ஓர் உயிரெழுத்தைச் சேர்த்து முற்றுச்சொல் ஆக்கி ஒட்டியவனும் நான். வெட்டினால் பொருள் கெடுமே என்று அவள் அப்போது கேட்டாள். இலக்கணம் உனக்கெதற்கு என்றேன்.

பதினான்கு ஆண்டுகளில் அவள் அதை ஒரு முறையும் அழுத்தியதில்லை.

மடங்கல் 25, ஞாயிறு

இரெசினாவைத் தொலைபேசியில் அழைத்தேன். "வாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். இரெசினா தேவாலயப் பூசை முடிந்து நேரே வந்தார். வெள்ளைச் சேலை. உரித்த சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன்.

"பின்னாடி கம்பியக் குத்துனா ஸ்பீக்கர் அணைஞ்சிரும், சத்தம் பொட்டி வழியாத்தான் வரும்னு சொன்னேனேய்யா. பாட்டு ஓடிட்டுதான் இருந்திருக்கும்."

"எப்போது சொன்னீர்கள்?"

"நீங்க ஏதோ பேப்பர்ல எழுதிட்டிருந்தீங்களே, அப்ப."

கணினியில் இருந்த பதிவைத் திறந்தார். இரண்டு வரிகள். முதல் துளையின் திருகை நான் திருப்பவே இல்லையாம். அவள் வரி தொடக்கத்திலிருந்து முடிவுவரை நேர்கோடு. என் வரி மலையும் மடுவுமாகத் திரையை நிறைத்து நின்றது. முன்னுரை முழுதும் தெளிவாக இருந்தது. 'ஏன்?' என்று நான் கேட்டதும் இருந்தது.

"எத்தன நாளு கேட்டீங்க. கொஞ்சம் பாடிக் காட்டுங்க, நான் புடிச்சுக்கிறேன்."

வாயைத் திறந்தேன். மூன்று ஒலி வந்தது. நான்காவது, என் கூட்டங்களின் முடிவில் பாடும் பாட்டாகிவிட்டது. திரும்பத் தொடங்கினேன்; மறுபடி அதே. நாள்தோறும் மாலை ஐந்து மணிக்குக் கேட்டேன். அந்த மாலைகளில் நான் எழுதிய சொற்களெல்லாம் நினைவில் இருக்கின்றன.

இரெசினா மெல்ல என்னை நகரச் சொன்னார். தாமரையின் இருக்கையில் அமர்ந்து, கட்டைகளின்மேல் கை வைத்தார். இசைத்தார்.

அதே பண். அதே தயக்கம். மேலேறும் இடத்தில் ஒரு கட்டையைத் தொட்டும் தொடாமலும் விடுவாளே, அது உட்பட. கடையில் ஒரே ஒரு முறை கேட்டவர். இம்முறை கட்டைகள் அசைந்தன.

அமைதி வரும் இடத்தில் அவர் கை நின்றது.

"மிச்சம்?"

"மிச்சம் தெரியாதுய்யா."

"முழுதும் ஒலித்ததே!"

"ஒலிச்சுது." அவர் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க பேசிட்டு இருந்தீங்க. கையக்கூடக் காட்டுனேன்."

பிறகு அவரே கேட்டார்: "நான் வேணா ஏதாச்சும் வாசிச்சு முடிச்சுரட்டுமா? யாருக்கும் தெரியாது."

"வேண்டாம்."

"அப்ப இதோட நிறுத்திரவா?"

"நிறுத்த வேண்டாம். அடுத்த பகுதி எனக்குத் தெரியும்."

முதல் துளையில் கம்பியை அவரே செருகினார், திருகைத் திருப்பினார். இரண்டாம் துளையின் ஒலிவாங்கியை அறைவாயிலில் வைத்தோம். சிவப்புப் புள்ளி. அவர் இசைத்தார். அமைதி வந்ததும் நான் எழுந்தேன். அடுக்களைக்குப் போனேன். பானை மூடி ஓசைப்பட்டது, படட்டும். மொண்டேன். ஊற்றினேன். கூடத்தில் என் நாற்காலியின் கைப்பிடியில் குவளையை வைத்தேன். ஒரு முழங்காலைச் சற்றே இழுத்தபடி அறைக்குத் திரும்பினேன்.

வாயிலில் நின்றபோது நாற்பத்து மூன்று.

இருக்கையில் வேறொருவர் இருந்தார். அவர் கைகள் மடியில் இருந்தன. பதிவை நிறுத்த இருவருமே கை நீட்டவில்லை. கூடத்து நாற்காலி ஒரு முறை முனகியது. மூங்கில் நாற்காலி, வெயில் இறங்கும்போது அப்படி முனகும். அதுவும் பதிவில் இருக்கிறது.

கோப்புக்குப் பெயர் கேட்டது கணினி. நான் தட்ட வேண்டிய பெயரில் ஓர் எழுத்து எந்த விசையில் இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. நாற்பதாண்டாக அதை நான் எழுதியதில்லை. ரெஜினா காட்டினார்.

சரோஜா.

மடங்கல் 28, அறிவன்கிழமை

வசந்தாவுக்குத் தொலைபேசினேன். 'சரோஜாவின் பண் அழிந்துபோயிற்று' என்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அக்கா பேரச் சொல்லிட்டீங்களே அத்தான்" என்று மட்டும் சொன்னாள்.

மடங்கல் 31, காரிக்கிழமை

அரங்கு நிறைந்திருந்தது. வசந்தா முன்வரிசையில். ரெஜினா பின்வாயிலருகில் நின்றுகொண்டிருந்தார். மன்றத் தலைவர் மெய்யறிவன் என்னை அழைத்தார்: "இப்போது நம் அரிமா முழங்குவார்!" கைதட்டல்.

முதலில் பதிவை ஒலிக்கச் செய்யுங்கள் என்று சைகை காட்டிவிட்டு, ஒலிவாங்கியின் முன் நின்றேன்.

இசை வந்தது. கைக்குட்டைகள் வெளிவந்தன. பிறகு அமைதி. காலடி ஓசை. பானை மூடி. நீர் விழும் ஓசை. "கரண்டு போச்சா?" என்று பின்னால் ஒருவர். "இல்லப்பா, ஏதோ தண்ணி சத்தம் கேக்குது" என்று மற்றொருவர். குவளை கைப்பிடியில் அமர்ந்தது. காலடி திரும்பியது. வசந்தா வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் கவிழ்த்தாள். எந்த வீட்டு ஓசை அதுவென்று முன்வரிசையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பிறகு ஒன்றும் வரவில்லை. நாற்காலி ஒரு முறை முனகியது. அவ்வளவுதான். அவள் தொடங்க வேண்டிய இடம் அது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உரை கையில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு மணித்துளி. இரண்டு. மெய்யறிவன் எழுந்து வந்து என் தோளைத் தொட்டு, ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு கேட்டார்:

"என்னய்யா ஆச்சு? தொண்டையா? பேசுங்க."

"சற்றுப் பொறுங்கள்" என்றேன். "கேட்டுக்கொண்டிருக்கிறேன்."